துருத்தியை மிதிப்பது யார்? அனிமேயில் சமூகநீதியைப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

ஜப்பானிய அசைபடமான அனிமே பற்றிப் பேச உட்கார்ந்தால் இரண்டு குரல்கள் சீக்கிரமே எழும். ஒன்று, "கார்ட்டூன்தானே, இதில் போய் என்ன அரசியல்?" இன்னொன்று, "இந்தத் தொடர் முற்போக்கா, பிற்போக்கா? ஒரே வரியில் சொல்லு." இரண்டாவது ஆள் விவரமானவர் போலத் தெரிவார். ஆனால் அவரும் படத்தைப் பார்க்கும் வேலையிலிருந்து நைசாக நழுவுகிறார் என்பதுதான் என் எண்ணம். மதிப்பெண் போட்டு மூடிவைத்துவிட்டால் அதற்கப்புறம் பேச ஒன்றும் இருக்காது.

சமூகநீதிக் கண்ணோடு ஒரு கதையைப் பார்ப்பது கொஞ்சம் கணக்குப் பார்க்கிற மாதிரி வேலை. அந்தக் கதைக்குள் இருக்கும் ஊரில் யார் உழைக்கிறார்கள், யார் பெயர் வாங்குகிறார்கள், யார் பேசினால் மற்றவர்கள் காதுகொடுத்துக் கேட்கிறார்கள், நஷ்டம் வந்தால் யார் தலையில் விழுகிறது? நல்ல வசனங்கள் பாத்திரங்களின் வாயிலேயே இருக்கும். அவற்றைக் கண்டுபிடிக்கத் திறமை வேண்டாம். இந்தப் பங்கீடு மட்டும் பெரும்பாலும் பின்னணியில், நாயகனுக்குப் பின்னால் ஓடுகிற ஓவியத்தில் இருக்கும். அங்கேதான் கண் போக வேண்டும். (கதைகளின் முடிவுகளையெல்லாம் போட்டு உடைக்கப் போகிறேன். ஸ்பாய்லர் பிடிக்காதவர்கள் படங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.)

பழகுவதற்கு ஹயாவோ மியாசாகி இயக்கி 1997இல் வந்த 'பிரின்சஸ் மோனோனோகே'யைவிட நல்ல படம் எனக்குத் தெரியவில்லை. பலரும் இதை "மனிதன் இயற்கையை அழிக்கிறான்" என்ற ஒற்றை வரியில் அடக்கிவிடுவார்கள். காட்டை வெட்டி, மணலிலிருந்து இரும்பு உருக்கும் ஊர் ஒன்று. அதன் தலைவி எபோஷி. காட்டின் பக்கம் ஓநாய்களோடு வளர்ந்த பெண் ஸான். இரண்டுக்கும் நடுவே, சாபம் ஏறிய கையோடு வந்து சேரும் இளைஞன் அஷிதாகா. இவ்வளவுதான் கதை என்றால் எபோஷி வில்லி, ஆட்டம் முடிந்தது.

ஆனால் அந்த ஊருக்குள் போய்ப் பாருங்கள். உலைக்குக் காற்றடிக்கும் பெரிய துருத்தியைக் காலால் மிதிப்பவர்கள் பெண்கள். நான்கு பகல் ஐந்து இரவு, முறை மாற்றி மாற்றி, உலை அணையாமல் மிதிக்க வேண்டும். இவர்களில் பலர் விபச்சார விடுதிகளுக்கு விற்கப்பட்டவர்கள். எபோஷி பணம் கொடுத்து மீட்டுக்கொண்டு வந்தவர்கள். ஆண்கள் சாப்பிடும் இடத்தில் ஒருவன், பெண்கள் உலைப்பக்கம் வந்தால் இரும்பு தீட்டுப்பட்டுவிடும் என்று மற்ற ஊர்களில் சேர்க்கமாட்டார்கள் என்று சொல்கிறான். இது கதைக்காகக் கட்டியதில்லை. ஜப்பானின் பழைய இரும்புலைகளில் பெண்களை விலக்கும் வழக்கம் உண்மையிலேயே இருந்தது. வெளியூரில் தீட்டு என்று தள்ளிவைக்கப்பட்டவர்களின் கால்பலத்தில்தான் இந்த ஊரின் பொருளாதாரமே ஓடுகிறது. அவர்கள் அஷிதாகாவிடம் கேலியாகப் பேசுகிறார்கள், உரக்கச் சிரிக்கிறார்கள். வேலை கடினம்தான், ஆனால் இங்கே சாப்பாடு கிடைக்கிறது, ஆண்களின் அதிகாரமும் இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள்.

அடுத்து, எபோஷியின் தோட்டம். எல்லோரும் பயந்து ஒதுங்கும் இடம் இது, என் ரகசியம் தெரிய வேண்டுமென்றால் வா என்று அஷிதாகாவை அழைத்துப் போகிறாள். உள்ளே உடம்பெல்லாம் துணி சுற்றிய தொழுநோயாளிகள் துப்பாக்கி செய்துகொண்டிருக்கிறார்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு முதியவர், எங்களை மனிதராக நடத்தியவள் இவள் ஒருத்திதான், அழுகிய சதையைக் கழுவிக் கட்டுப்போட்டவள் இவள்தான் என்று எபோஷிக்காகக் கெஞ்சுகிறார்.

ஜப்பானில் தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்கும் சட்டம் 1907இல் தொடங்கியது. 1931இல் எல்லா நோயாளிகளையும் தனிமைப்படுத்தும் அளவுக்கு விரிந்தது. மருந்து வந்து, நோய் குணமாகும் என்று தெரிந்த பிறகும் சட்டம் போகவில்லை. காப்பகங்களில் கட்டாயக் கருத்தடையும் கருக்கலைப்பும் நடந்தன. அந்தச் சட்டம் நீக்கப்பட்டது 1996இல். படம் வந்தது அடுத்த வருடம். 2001இல் குமமோட்டோ நீதிமன்றம் அந்தத் தனிமைப்படுத்தல் அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. டோக்கியோவின் ஓரத்தில் உள்ள தாமா ஸென்ஷோஎன் என்ற தொழுநோய்க் காப்பகம் மியாசாகியின் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. படத்தை யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் அங்கே போனதையும், அந்தப் பாத்திரங்கள் தொழுநோயாளிகள்தான் என்பதையும் 2016இல் ஒரு பேச்சில் அவரே சொன்னார். இதெல்லாம் தெரியாமலும் படத்தை ரசிக்கலாம். தெரிந்த பிறகு அந்தத் தோட்டம் ஒரு மத்தியகாலக் கற்பனையாக மட்டும் நிற்காது. 1997இல் தியேட்டரில் உட்கார்ந்திருந்த ஜப்பானியருக்கு அது நேற்றுவரை நடந்த விஷயம்.

சரி, அப்படியானால் எபோஷி நல்லவளா? இங்கேதான் புதிதாக எழுத வருபவர்கள் வழுக்குவார்கள். ஒடுக்கப்பட்டவர்களுக்கு இடம் கொடுத்தாள், எனவே புரட்சியாளர் என்று முடித்துவிடுவார்கள். கணக்கை இன்னும் கொஞ்சம் ஓட்டுங்கள். தொழுநோயாளிகள் இந்த ஊரிலும் சுவருக்குப் பின்னால், யாரும் வராத மூலையில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் எபோஷி எதிர்பார்ப்பது ஆயுதம். எபோஷி சுட்ட குண்டு உடம்பில் தங்கி, ஒரு பன்றித் தெய்வத்துக்கு வெறியேறி, அந்த வெறிதான் அஷிதாகாவின் கையில் சாபமாக ஏறியது. அந்த அஷிதாகா எமிஷி இனத்தவன். பேரரசிடம் தோற்று, கிழக்கே மலைகளில் ஒதுங்கிக் கிடக்கும் மக்கள். ஒதுக்கப்பட்ட ஒரு கூட்டம் தன் விடுதலைக்காகச் செய்த பொருள், ஒதுக்கப்பட்ட இன்னொரு கூட்டத்தின் இளைஞனைக் கொல்கிறது. கடைசிப் போரில் எபோஷியின் கூட்டாளிகளான வேட்டைக்காரர்கள், பன்றிக் கூட்டத்தை அழிக்க வெடிவைக்கும்போது அந்த ஊரின் ஆண்களையும் சேர்த்தே மண்ணில் புதைக்கிறார்கள். யாருக்கு நஷ்டம் என்ற கேள்விக்குப் படம் திரும்பத் திரும்பப் பதில் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. நாம் கேட்டால் போதும்.

இந்தப் படத்துக்குப் பின்னால் இன்னொரு கணக்கும் உண்டு. விவசாயிகளையும் சாமுராய்களையும் தாண்டி, கைவினைஞர், நாடோடிகள், இழிவாக நடத்தப்பட்ட தொழில்களைச் செய்தவர்கள் என்று மத்தியகால ஜப்பானை எழுதிய வரலாற்றாய்வாளர் அமினோ யோஷிஹிகோ. அவருடைய தாக்கம் மியாசாகியிடம் பலமாக உண்டு. மியாசாகி தொழிற்சங்கத்தில் இருந்து வந்தவரும்கூட. 1964இல் தோயெய் ஸ்டூடியோவின் தொழிலாளர் சங்கத்துக்கு அவர் செயலாளர். பின்னாளில் ஜிப்லி என்ற அனிமே ஸ்டூடியோவில் அவரோடு இருந்த இசாவோ தகஹாதா துணைத்தலைவர். துருத்தி மிதிக்கும் கால்களை அவ்வளவு நேரம் காட்ட வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியதற்கு இதெல்லாம் ஒரு காரணமாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்று எழுதுவதில் தவறில்லை. 'இதனால்தான்' என்று எழுதினால்தான் ஆதாரம் வேண்டும்.

ஒரு ஆள் கெட்டவன் என்று காட்டுவதற்கும் ஒரு ஏற்பாடே கோணலாக இருக்கிறது என்று காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் 'எ சைலன்ட் வாய்ஸ்' (2016) படத்தில் பளிச்சென்று தெரியும். காது கேளாத ஷோகோ புதிதாக ஒரு வகுப்பில் சேர்கிறாள். ஷோயா என்ற பையன் அவளைக் கொடுமைப்படுத்துகிறான், காது மெஷினைப் பிடுங்கி எறிகிறான். மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு முரட்டுப் பையனின் கதை. அந்த வகுப்பில் ஒரு ஆசிரியை வந்து, தினமும் காலையில் மூன்று நிமிடம் எல்லோரும் சைகை மொழி கற்றுக்கொள்ளலாமா என்று கேட்கும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஒருத்தி உடனே எதிர்க்கிறாள்: அவள்தான் நோட்டில் எழுதிக் காட்டுகிறாளே, அதுவே சுலபம். கையைத் தூக்குவது சஹாரா என்ற ஒரே ஒரு மாணவி. கொஞ்ச நாளில் அந்த மாணவியும் மற்றவர்களின் கேலி தாங்காமல் வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிடுகிறாள்.

முப்பது பேர் படிக்கும் அறையில் பேச்சு நடக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் ஒரு சிறுமியின் நோட்டுப் புத்தகத்தில் ஏற்றப்பட்டிருக்கிறது. அதில் மூன்று நிமிடப் பங்கை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளச் சொன்னால் அது சுமை என்கிறார்கள். காது மெஷின்களின் விலை பேசப்பட்டு, தலைமையாசிரியர் வகுப்புக்கே வந்து விசாரிக்கும்போது, அதுவரை கண்டும் காணாமல் இருந்த வகுப்பாசிரியர் ஷோயாவின் பெயரைச் சொல்லிக் கத்துகிறார். வகுப்பும் அப்படியே திரும்பி அவனைக் காட்டிக்கொடுக்கிறது. அவன் செய்தது குற்றம்தான். ஆனால் ஒருவனைப் பிடித்துக் கொடுத்ததும் மற்ற எல்லோரும் குளித்து எழுந்ததுபோல ஆகிவிடுகிறார்கள்.

இதே படத்தின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கதை போகப் போக நாம் நடப்பது ஷோயாவோடுதான். அவனுடைய குற்றவுணர்ச்சி, அவனுடைய தனிமை, அவன் மீண்டு வருவது. ஷோகோவின் மனத்துக்குள் நமக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. அவள் வாயில் அதிகம் வருவது மன்னிப்பு. காயப்படுத்தியவர் திருந்துவதற்குக் காயப்பட்டவர் ஒரு படிக்கட்டாக ஆகிவிடுகிறாரோ என்ற கேள்வியைக் கேட்கலாம். கேட்டுவிட்டும் படத்தை நேசிக்கலாம். ஒரு படைப்பில் குறை சொன்னால் அதை வெறுப்பதாகிவிடும் என்று நினைக்கும் ரசிகர்களிடம் இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம்மவர்கள் அதிகம் பார்ப்பது 'ஒன் பீஸ்' என்ற கடற்கொள்ளையர் தொடர். அதில் மீன்மனிதர் தீவுப் பகுதி 2011-12இல் ஒளிபரப்பானது. சண்டைக்காகப் பார்த்தவர்களும் கோவாலாவை மறந்திருக்க மாட்டார்கள். வானுலகப் பிரபுக்களிடம் அடிமையாக இருந்து தப்பிய மனிதச் சிறுமி அவள். மீன்மனிதர்களின் கப்பலில் ஏறியதும் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். யார் அதட்டினாலும் சிரிக்கிறாள். சும்மா நிற்காமல் தரையைத் துடைக்கத் தொடங்கிவிடுகிறாள். அழுதால் கொன்றுவிடுவார்கள், வேலை செய்யாமல் நின்றால் கொன்றுவிடுவார்கள் என்று உடம்பே பழகியிருக்கிறது. அடிமைத்தனம் கொடியது என்று பத்து வசனம் பேசியிருந்தாலும் அந்தத் துடைக்கும் துணியளவு சொல்லியிருக்காது.

அவளை ஊரில் கொண்டுபோய் விட்ட மீன்மனிதக் கேப்டன் ஃபிஷர் டைகரை அதே ஊர்க்காரர்கள் கடற்படைக்குக் காட்டிக்கொடுக்கிறார்கள். குண்டடிபட்டுக் கிடக்கும் அவருக்கு ரத்தம் வேண்டும். கையில் இருப்பது மனித ரத்தம். வேண்டாம் என்கிறார். கோவாலா போன்ற நல்ல மனிதர்கள் இருப்பது அறிவுக்குத் தெரிகிறது, ஆனால் மனம் ஏற்கவில்லை என்று ஒப்புக்கொண்டே சாகிறார். அந்தத் தீவில் மனிதர்களுக்கு ரத்தம் கொடுக்கக் கூடாது என்று சட்டமே உண்டு. பல வருடங்களுக்குப் பின் ஜின்பே என்ற மீன்மனிதர், தொடரின் நாயகனும் மனிதனுமான லூஃபிக்குத் தன் ரத்தத்தை ஏற்றும்போது, ஒரு குழாய் வழியாக அந்தச் சட்டம் உடைகிறது.

இங்கேயும் கணக்கைக் கடைசிவரை ஓட்டலாம். இந்தப் பகுதியின் வில்லன் ஹோடி. மனிதர்கள் உனக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை என்பான். அனுபவமே இல்லாமல் பாட்டனிடமிருந்து வாங்கிக்கொண்ட வெறுப்பு. பிரமாதமான எழுத்து, சந்தேகமில்லை. ஆனாலும் பாருங்கள், வெறுப்பைக் கைவிடும் பொறுப்பு யாரிடம் வந்து நிற்கிறது? அடிமைப்படுத்தப்பட்டவர்களிடம். பகுதி முடியும்போது அடிமைகளை வைத்திருந்த பிரபுக்கள் தங்கள் நாற்காலியில் சௌகரியமாகவே இருக்கிறார்கள். நீண்ட தொடர் என்பதால் அவர்கள் கணக்கு தனியாக ஓடுகிறது, உண்மைதான். இந்தப் பகுதியை மட்டும் எடுத்து எழுதினால் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

மீன்மனிதர்களைப் பார்த்ததும் நம்மில் பலருக்குச் சாதி நினைவுக்கு வரும். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் "இது சாதியைப் பற்றிய கதை" என்று எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் நிற்கலாம். ஜப்பானுக்கே அப்படியொரு வரலாறு இருக்கிறது. தோல் பதனிடுதல், கால்நடை அறுத்தல், பிணம் தொடர்பான வேலைகள் என்று பிறப்பால் ஒதுக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்களைப் புராகுமின் என்பார்கள். 1871இல் அந்த இழிநிலை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஒதுக்கல் போகவில்லை, 1922இல் அவர்களே சுய்ஹெய்ஷா என்ற அமைப்பைக் கட்டினார்கள். 1975இல், புராகு குடியிருப்புகளின் பெயர்ப் பட்டியல் ரகசியமாக அச்சிடப்பட்டு, வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்கு விற்கப்பட்டது வெளிச்சத்துக்கு வந்தது. மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளில் இதை நேரடியாகத் தொட்டவர்களும் உண்டு: 1964இல் 'காரோ' இதழில் சான்பேய் ஷிராட்டோ தொடங்கிய கமுய் கதையின் நாயகன் ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்தவன். அந்தப் பாத்திரம் 1969இல் அனிமே தொடராகவும் வந்தது.

அதனால் ஒப்பிடும்போது "நம் ஊரில் நடப்பது நினைவுக்கு வருகிறது" என்று எழுதினால் அது உங்கள் அனுபவம், யாரும் மறுக்க முடியாது. "ஆசிரியர் இதைத்தான் சொல்கிறார்" என்று எழுதினால் கதையிலிருந்தோ ஆசிரியரின் பேச்சிலிருந்தோ சான்று காட்ட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டைகள் வருகின்றன.

உருவகக் கதைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. புதியவர்கள் இதைத் தவறாமல் கவனிக்க வேண்டும். நிஜ உலகில் ஒரு இனத்தை ஒதுக்குகிறவர்கள் சொல்லும் காரணம் பொய். "அவர்கள் ஆபத்தானவர்கள்" என்பது கட்டிவிட்ட கதை. கற்பனை உலகில் அந்த ஆபத்து நிஜமாகவே இருந்தால்? 'அட்டாக் ஆன் டைட்டன்' தொடரில், மார்லி என்ற நாட்டில் எல்டியர்கள் என்ற இனத்தார் கையில் பட்டை கட்டி, வேலியடைத்த பகுதியில் வாழ்கிறார்கள். அந்தக் காட்சிகளைப் பார்த்தால் நாஜிக் காலத்து யூதர்கள் கண்முன் வருவார்கள். ஆனால் எல்டியர்களால் உண்மையிலேயே மனிதர்களைத் தின்னும் ராட்சதனாக, அதாவது டைட்டனாக, மாற முடியும்; அவர்களின் முன்னோர்கள் டைட்டன்களை வைத்து உலகை ஆண்டும் இருக்கிறார்கள். யூதர்கள் உலகை ரகசியமாக ஆட்டிவைக்கிறார்கள் என்பது யூத வெறுப்பாளர்களின் பழைய பொய். அந்தப் பொய் இங்கே கதையின் உண்மையாகிவிடுகிறதே என்று விமர்சகர்கள் கேட்டது நியாயமான கேள்வி.

மறுபக்கம் பேச இடமில்லை என்று நினைக்க வேண்டாம். ஒரு சாதாரண எல்டியன் தானாக டைட்டனாக மாறுவதில்லை. மார்லி அரசு ஊசி போட்டு மாற்றி, எதிரித் தீவில் இறக்கிவிடுகிறது. எவர்களைப் பிசாசுகள் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறதோ, அவர்களையே ஆயுதமாக்கிப் போர் நடத்துகிறது. ஆபத்தை அரசே தயாரிக்கிறது என்று இதைப் படிக்கலாம். எனக்கு இந்த வாசிப்பு பிடிக்கும், ஆனால் முதல் கேள்வியை அது முழுவதும் அடைத்துவிடாது. ஊனுண்ணி விலங்குகளும் தாவர உண்ணிகளும் ஒரே பள்ளியில் படிக்கும் 'பீஸ்டார்ஸ்' தொடரிலும் இதே முடிச்சுதான்: பயப்படுகிறவர்களின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இப்படிப்பட்ட கதைகளை இனவெறிக்கு நேர் உவமையாக எடுத்தால் கால் இடறும்.

திரைக்கு வெளியே இருக்கும் உழைப்பையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். அனிமேயில் அசைவின் இடைப்படங்களை வரைபவர்களுக்குப் பெரும்பாலும் படத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி, அதுவும் சொற்பம். ஜப்பானில் தொழில்களும் மனித உரிமையும் பற்றி ஐ.நா. பணிக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, அனிமே துறையின் குறைந்த சம்பளத்தையும் அளவுக்கு மீறிய வேலை நேரத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. கதைக்குள் இருக்கும் நீதி பற்றி நாலு பக்கம் எழுதுகிறவர், அந்தக் கதையை வரைந்த கைகளுக்கு என்ன கிடைத்தது என்று ஒரு பத்தியாவது எழுதினால் குறைந்துபோகாது.

முதல்முறை எழுதிப் பார்க்க விரும்பினால் ஒரு தொடர் முழுவதையும் எடுக்காதீர்கள், மூச்சு வாங்கிவிடும். ஒரு காட்சி போதும். 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்' தொடரில் வின்ரி, ஸ்காரின் கைக்குக் கட்டுப்போடும் இடத்தை எடுங்கள். அவளுடைய பெற்றோர் மருத்துவர்கள். அமெஸ்ட்ரிஸ் நாட்டு ராணுவம் அழித்துக்கொண்டிருந்த இஷ்வால் மக்களுக்குச் சிகிச்சை செய்யப் போனவர்கள். அவர்களைக் கொன்றவன் இஷ்வால்காரனான ஸ்கார். வின்ரி கட்டுப்போடுகிறாள், மன்னிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறாள். இதற்கு முன் படித்துவைக்க: ஆசிரியர் ஹிரோமு அரகாவா ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர், ஹொக்கைடோ ஐனு பழங்குடிகளின் நிலம், இந்தக் கதைக்காகப் போரில் இருந்த முதியவர்களிடம் அவர் பேசியிருக்கிறார். பிறகு இந்தக் கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். ராணுவ அதிகாரிகளான மஸ்டாங்கும் ஹாக்ஐயும் இஷ்வாலில் செய்த கொலைகளுக்காக வருந்தும் நேரம் அதிகமா, இஷ்வால் மக்கள் தங்கள் வாயால் பேசும் நேரம் அதிகமா? போரைத் தொடங்கிய முதல் குண்டைச் சுட்டது ராணுவ வீரன் வேடத்தில் இருந்த, உருமாறும் வில்லன் என்வி என்று தெரியவரும்போது, அந்த நாட்டின் பொறுப்பு குறைகிறதா, கூடுகிறதா? தொடரின் ரசிகர்களிடமே இதற்கு ஒரே பதில் இல்லை, அதனால் தைரியமாகத் தொடங்கலாம்.